உள்கூடு அளவு தவறாத கிரிட்: கட்டட வடிவமைப்பு மென்பொருளில் கிரிட் கருவியைச் செம்மைப்படுத்தும் முறை

கொங்கு நாட்டில் வீடு கட்டுகிறவர் "பத்தடி ரூம்" என்று சொன்னால், பூச்சு வேலை முடிந்த பிறகு சுவருக்குச் சுவர் உள்ளே நிற்கும் பத்து அடியையே அவர் குறிக்கிறார். மனையடி சாஸ்திரம் பார்க்கும் குடும்பத்தில் பத்து நல்ல அளவு, ஒன்பது ஆகாத அளவு என்பதால், இந்த உள்கூடு அளவு குறைந்தால் அந்த மனக்குறை வீடு உள்ளவரை தீராது. ஆனால் கட்டட வடிவமைப்பு மென்பொருளில், சுவரும் தூணும் நிற்கும் இடங்களைக் காட்டும் கோடுகளை வரைகிற கிரிட் கட்டளைக்குத் தெரிந்தது ஒரே ஓர் எண்தான். அது கோட்டுக்கும் கோட்டுக்கும், அதாவது ஒரு சுவரின் மையத்துக்கும் அடுத்த சுவரின் மையத்துக்கும், இடையிலான தூரம்; களத்தில் இதைச் சென்டர் அளவு என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொள்ளாச்சிப் பக்கத்து வீடு ஒன்றுக்கு நான் அந்த இடத்தில் பத்து அடி என்று கொடுத்துவிட்டேன். ஒன்பது அங்குலச் சுவரின் பாதி இரு பக்கமும் போய், பூச்சு மேலும் ஓர் அங்குலத்தை எடுத்துக்கொண்டால், அந்த அறை 9 அடி 2 அங்குலமாக நின்றிருக்கும். அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும்போது மேஸ்திரி, "ஏனுங்க, இந்தப் பத்தடி உள்கூடுங்களா, சென்டர் அளவுங்களா?" என்று கேட்டதால் பிழை காகிதத்தோடு நின்றது.

அந்த ஒரு கேள்வியை மேஸ்திரி கேட்பதற்கு முன்னால் கருவியே கேட்கும்படி செய்ய வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது. கிரிட் என்பது அடிப்படையில் பெயரிட்ட எண்களின் அட்டவணை. திரையில் தெரியும் கோடுகள் அந்த அட்டவணையிலிருந்து பிறக்க வேண்டும். எந்த அளவு எங்கிருந்து எங்கே எடுக்கப்பட்டது என்ற செய்தி அட்டவணையில் இருந்தால், சுவர் கனம் மாறினாலும், அறை நீண்டாலும், ஓர் எண்ணைத் திருத்தி முழு கிரிட்டையும் மறுபடி எழுப்பிவிடலாம். இந்த முறை ரெவிட், ஆட்டோகேட், ஈடேப்ஸ் ஆகிய எதற்கும் பொருந்தும். செய்முறைக்கு ஃப்ரீகேட் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது இலவசம், அதன் உள்ளேயே பைத்தான் நிரல் எழுதலாம், 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து கட்டட மாதிரி வரைவதற்கான பிம் வொர்க்பெஞ்ச் என்ற கருவித்தொகுப்பும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

தொடக்கப் புள்ளி

கிரிட்டின் சுழியம் எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஊரில் மனை அமைப்பதற்குக் கன்னி மூலையை, அதாவது தென்மேற்கு மூலையை, ஆதாரமாக எடுக்கும் வழக்கம் இருக்கிறது. வடக்கு மேலே இருக்கும்படி வரையும்போது அந்த மூலை தாளின் இடது கீழ் மூலையில் விழுவதால், கிழக்கு நோக்கியும் வடக்கு நோக்கியும் எண்கள் கூடிக்கொண்டே போகும்; குறை எண்களே வராது. களத்தில் நூல் கட்டுகிறவரும் கணினியில் எண் இடுகிறவரும் ஒரே மூலையிலிருந்து புறப்படுவதால் பேச்சில் குழப்பமும் குறைகிறது.

சர்வேயர் கொடுக்கும் யூடிஎம் ஆயத்தொலைவுகளை (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் எண்களை) அப்படியே கிரிட்டின் சுழியமாக வைக்காதீர்கள். அவை இலட்சக்கணக்கான மீட்டர்களில் வரும். அவ்வளவு தொலைவில் வரைந்தால் பல மென்பொருள்களில் கோடுகள் நடுங்குவதும், கோணங்கள் கடைசி இலக்கத்தில் பிசகுவதும் உண்டு. கொங்கு நாட்டுக்கு இதில் தனிச் சிக்கலும் இருக்கிறது. யூடிஎம் மண்டலங்கள் 43, 44 ஆகியவற்றின் எல்லையான 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை இந்த நாட்டை ஊடறுத்துப் போகிறது; கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு ஒரு மண்டலத்திலும், நாமக்கல், சேலம் அடுத்த மண்டலத்திலும் வருகின்றன. ஆகவே கட்டடத்துக்குக் கன்னி மூலையையே சுழியமாக வைத்து, அந்த ஒரு புள்ளியின் நில அளவை ஆயத்தொலைவையும் மண்டல எண்ணையும் அட்டவணையின் தலைப்பில் குறித்து வைப்பது போதும். மனை சாலைக்குச் சாய்வாக இருந்தாலும் கிரிட்டை நேராகவே வரைந்து, மெய்வடக்கை மட்டும் தனியே திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை

விரிதாளில் ஒரு திசைக்கு ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கோட்டின் பெயர், அதன் மேல் நிற்கும் சுவரின் கனம், முந்தைய கோட்டிலிருந்து உள்ள அளவு, அந்த அளவின் வகை, பூச்சுக் கனம், குறிப்பு ஆகியவை இருக்கட்டும். அளவின் வகை என்ற கட்டத்தில் உள்கூடு, சென்டர், வெளியளவு என்ற மூன்றில் ஒன்றைத் தவிர வேறெதையும் ஏற்காதபடியும், அதைக் காலியாக விட முடியாதபடியும் அமைத்துவிடுங்கள். முழு முறையிலும் அதிகப் பயன் தருவது இந்த ஒரு கட்டமே என்பது என் அனுபவம்.

உள்கூடு என்று வந்தால், இடது சுவரின் பாதிக் கனம், இடது பூச்சு, உள்ளளவு, வலது பூச்சு, வலது சுவரின் பாதிக் கனம் ஆகிய ஐந்தையும் கூட்டினால் சென்டர் அளவு கிடைக்கும். மேற்கிலிருந்து கிழக்காகப் பத்தடி அறை, பதினாறடி ஹால், பதினோரடி அறை என்று மூன்று உள்கூடுகள் உள்ள வீட்டைப் பாருங்கள். எல்லாச் சுவரும் ஒன்பது அங்குலம், இரு பக்கப் பூச்சும் சேர்ந்து ஓர் அங்குலம் என்று கொண்டால், சென்டர் அளவுகள் 10 அடி 10 அங்குலம், 16 அடி 10 அங்குலம், 11 அடி 10 அங்குலம் என்று வரும். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு 39 அடி 6 அங்குலத்தில் நிற்கும். சுவரின் வெளிப்புறம் 40 அடி 3 அங்குலம் ஆகும். வெளிப்பூச்சு அதற்கும் மேல். மனையில் பக்க இடம் விட்ட பிறகு நாற்பது அடிதான் மிஞ்சுகிறது என்றால், இந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. அப்போது உள்சுவர் ஒன்றை நாலரை அங்குலமாக மாற்றிப் பாருங்கள். உள்கூடு மாறாமலே மொத்தம் எவ்வளவு சுருங்குகிறது என்று அட்டவணை உடனே காட்டும். கோட்டைப் பிடித்து இழுக்கும் கருவியில் இந்த வசதி கிடைக்காது.

அடியை மில்லிமீட்டராக மாற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் அங்குலம் என்பது துல்லியமாக 25.4 மிமீ. 10 அடி 9 அங்குலம் 3276.6 மிமீ ஆகும். அதை 3277 என்று முழுமையாக்கி இருபது கடைகள் உள்ள வரிசைக்குத் திரும்பத் திரும்பக் கூட்டினால், கடைசிச் சுவர் 8 மிமீ தள்ளிப் போய்விடும். அதனால் இடைவெளிகளை அங்குலத்திலேயே கூட்டிக்கொண்டு வந்து, தொடக்கத்திலிருந்து உள்ள கூடுதல் தொலைவை மட்டும் கடைசியில் மில்லிமீட்டராக மாற்றி முழுமையாக்குங்கள். அப்போது எந்தக் கோடும் அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகாது. மேலே சொன்ன வீட்டில் கோடுகள் 0, 3302, 8433, 12040 மிமீ என்ற இடங்களில் நிற்கும்.

ஒரே இடைவெளி பலமுறை வரும் கட்டடங்களுக்கு அட்டவணையில் பெருக்கல் குறிப்பை ஏற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் வெயில் உள்ளே பாயாதிருக்கக் கிழக்கு மேற்காக நீளமாக ஓடுபவை. 300 அடி நீளக் கொட்டகையைப் பத்தடிக்கு ஒரு தூண் என்று பிரித்தால், முப்பது வரிசைகளைத் தட்டச்சு செய்யத் தேவையில்லாமல் "30 × 10 அடி" என்று ஒரே வரியில் எழுத முடிய வேண்டும். முப்பது இடைவெளிக்கு முப்பத்தொரு கோடுகள் வரும் என்பதை நிரல் தானே கணக்கிட வேண்டும்.

தூண் கோட்டின் மேல் நடுவாக நிற்காத இடங்களும் வரும். ஒன்பது அங்குலச் சுவரின் வெளிமுகத்தோடு ஒட்டி நிற்கும் பன்னிரண்டு அங்குலத் தூணின் மையம், சுவர் மையத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி இருக்கும். இதற்காகக் கிரிட் கோட்டை நகர்த்தாதீர்கள். தூண்களுக்கென்று தனி அட்டவணை வைத்து, எந்தக் கோடுகளின் சந்திப்பு, எந்தப் பக்கம் எவ்வளவு விலகல் என்று எழுதுங்கள். பெருந்துறையிலும் அவிநாசியிலும் எழும் இரும்புக் கொட்டகைகளில் ஓரச் சட்டங்களின் தூண் மையம் ஓரக் கோட்டிலிருந்து உள்ளே தள்ளி நிற்பதற்கும் இதே வழி பொருந்தும்.

பெயர்கள்

ஒரு திசைக்கு எண்களும் மறு திசைக்கு ஆங்கில எழுத்துகளும் இடுவது வழக்கம். ஐ, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகள் 1, 0 போலத் தோன்றுவதால் அவற்றை விட்டுவிடுவதும் வழக்கமே. ஆனால் ரெவிட் போன்ற மென்பொருள்கள் முந்தைய பெயருக்கு அடுத்ததைத் தாமாகப் போடும்போது இந்த எழுத்துகளைத் தாண்டிப் போவதில்லை. நடுவில் ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னுள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும். ஒரே பெயரை இருமுறை ரெவிட் ஏற்காது என்பதால் கடைசிக் கோட்டிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஆகவே பெயர் வரிசையை நிரலில் நீங்களே ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரிக்கு எளிதாக இருக்கட்டும் என்று தமிழ் எழுத்துகளால் கோடுகளுக்குப் பெயரிட நினைப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் கட்டாயத் தேவை. யூனிகோடில் க என்ற எழுத்துக்கு அடுத்த இடம் காலியானது. ங அதற்கும் பின்னால் இருக்கிறது. எழுத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி அடுத்த பெயரைக் கண்டுபிடிக்கும் நிரல், க-வுக்குப் பிறகு ஒரு வெற்றுக் கட்டத்தைப் போட்டுவிடும். க, ச, ட, த, ப, ம என்று தொடங்கிப் பார்வைக்கு ஒன்றோடொன்று மயங்காத எழுத்துகளாகத் தேர்ந்து பட்டியலிடுங்கள். ஆட்டோகேடில் பழைய எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் தெரியாது. நிர்மலா யூஐ, லதா போன்ற எழுத்துருக்களை அந்த எழுத்துப் பாணிக்குக் கொடுக்க வேண்டும்.

அஸ்திவார வரைபடம் களத்துக்குப் போன பிறகு எந்தக் கோட்டின் பெயரையும் மாற்றாதீர்கள். 4-க்கும் 5-க்கும் இடையில் புதிய கோடு வந்தால் அது 4.1 ஆகட்டும். நீக்கிய கோட்டின் பெயர் நீக்கியதாகவே இருக்கட்டும். வேறொன்றுக்கு அதைச் சூட்ட வேண்டாம். கம்பி கட்டுகிறவர் கையில் பழைய தாளும், காங்கிரீட் போடுகிறவர் கையில் புதிய தாளும் இருக்கும் நாள் ஒவ்வொரு கட்டடத்திலும் வரும். அன்று 5 என்ற பெயர் இரண்டு இடங்களைக் குறித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அட்டவணையில் "களத்துக்குப் போனது" என்று ஒரு கட்டம் வைத்து, அதில் குறியிட்ட வரிசைகளின் பெயரை நிரல் மாற்ற மறுக்கும்படி செய்யலாம்.

நிரல்

ஃப்ரீகேடில் ஒரு திசைக் கோடுகளின் தொகுதிக்கு ஆக்சிஸ் என்று பெயர். அதில் டிஸ்டன்சஸ் என்ற பண்பு இடைவெளிகளின் பட்டியலை ஏற்கிறது. முதல் எண் தொடக்கப் புள்ளியிலிருந்து முதல் கோட்டுக்குள்ள தூரம் என்பதால் அதைப் பெரும்பாலும் 0 என்று வைக்க வேண்டும்; அதை மறந்து முதல் இடைவெளியையே அங்கே எழுதினால் முழு கிரிட்டும் ஓர் அறை தள்ளிப் போகும். முழுமையாக்கிய கூடுதல் தொலைவுகளை நிரல் கணக்கிட்ட பிறகு, அடுத்தடுத்த இரண்டின் வேறுபாட்டை இந்தப் பட்டியலில் எழுதும்படி செய்யுங்கள்.

ஆக்சிஸ் கோடுகள் இயல்பாக வடக்கு நோக்கி ஓடி, கிழக்கு நோக்கி அடுக்கப்படும். மறு திசைக்கு இரண்டாவது ஆக்சிஸ் ஒன்றை உருவாக்கி 90 பாகை திருப்பினால், அடுக்கு வடக்கு நோக்கிச் சரியாகப் போகும். ஆனால் கோடுகள் மேற்கே ஓடிக் கட்டடத்துக்கு வெளியே விழும். கோட்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு கிழக்கே அந்த ஆக்சிஸை நகர்த்திவிட்டால் சரியாகிவிடும். கோட்டின் முனையில் பெயரைக் காட்டும் வட்டமான குமிழுக்குள் வரும் எண்கள் ஒரே வரிசையில் ஓடுபவை. தாண்டிய எழுத்துகளும் செருகிய பெயர்களும் சரியாகத் தெரிய வேண்டுமானால், குமிழை மறைத்துவிட்டு, லேபிள்ஸ் பட்டியலை உங்கள் பெயர்களால் நிரப்பி, அதைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு ஆக்சிஸையும் ஓர் ஆக்சிஸ் சிஸ்டமாக இணைத்தால், ஒரு தூணை வரைந்து எல்லாச் சந்திப்புகளிலும் நிறுத்தலாம்.

ரெவிட்டில் வேலை செய்கிறவர்கள் இதே அட்டவணையை அதன் நிரல் கருவியான டைனமோ வழியாகப் படித்து, ஒவ்வொரு கூடுதல் தொலைவுக்கும் ஒரு நேர்கோடு அமைத்து, அதிலிருந்து கிரிட்டை உருவாக்கிப் பெயரை இடலாம். எழுப்பியவுடன் அவற்றை ஸ்கோப் பாக்ஸ் என்ற எல்லைப் பெட்டி ஒன்றில் சேர்த்தால் எல்லாத் தளங்களிலும் கோட்டின் நீளம் ஒத்துப்போகும். "பின்" (Pin) கட்டளையால் பூட்டிவிட்டால் கைதவறி நகராது.

கோடு எழுப்புவதற்கு முன் நிரல் சில சோதனைகளைச் செய்ய வேண்டும். பெயர் இரட்டிப்பாக இருக்கிறதா, இடைவெளி சுழியமாகவோ குறை எண்ணாகவோ இருக்கிறதா, 600 மிமீக்குள் இரண்டு கோடுகள் நெருங்கி நிற்கின்றனவா என்று பார்த்து, பிழை இருந்தால் எந்த வரிசையில் என்று தமிழில் சொல்லி நின்றுவிட வேண்டும். நெருங்கிய கோடுகள் வேண்டுமென்றே போடப்பட்டவையாக இருந்தால் குறிப்புக் கட்டத்தில் "இணைப்பு" என்று எழுதியிருக்க வேண்டும்.

அப்படி வேண்டுமென்றே நெருங்கும் கோடுகள் விரிவிணைப்பில், அதாவது வெப்பத்தால் கட்டடம் விரிந்து சுருங்குவதற்காக விடும் இடைவெளியில், வரும். 45 மீட்டருக்கு மேல் நீளும் கட்டடங்களில் வழக்கமாக ஒன்றோ அதற்கு மேற்பட்டோ விரிவிணைப்பு வைத்து வடிவமைக்க வேண்டும் என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐஎஸ் 456:2000 சொல்கிறது. பல்லடத்தில் 72 மீட்டர் நீளக் காங்கிரீட் தறிக் கட்டடம் ஒன்றை ஆறு மீட்டர் இடைவெளிகளாகப் பிரித்தால், நடுவில் இரட்டைத் தூண் வரும். 300 மிமீ தூண்கள் இரண்டும் 25 மிமீ இடைவெளியும் என்றால் அந்த இரு கோடுகளுக்கிடையே 325 மிமீ இருக்கும். அந்த 325-ஐப் பக்கத்து ஆறு மீட்டரிலிருந்து எடுப்பதா, மொத்த நீளத்தோடு கூட்டுவதா என்பதை அட்டவணையிலேயே எழுதி வையுங்கள். தறிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் பக்கத்து இடைவெளி குறைந்தால் தறிக்கு இடம் போதாமல் போகலாம். ஆகவே உரிமையாளரிடம் தறியின் வைப்பு அளவைக் கேட்காமல் இதை முடிவு செய்யக் கூடாது.

பழைய கட்டடம்

கோவையின் பழைய நூற்பாலைகளை விரிவாக்கும்போது கிரிட் கருவி அதிகம் ஏமாற்றும். வடக்கு வெளிச்சத்துக்காக ரம்பப் பல் போன்ற கூரை போட்ட அந்த ஆலைகளில், இருபது அடி என்று பேசப்படும் இடைவெளி அளந்து பார்த்தால் ஓர் இடத்தில் ஓரங்குலம் கூடியும் இன்னோர் இடத்தில் அரையங்குலம் குறைந்தும் இருக்கக்கூடும். சமமாக்கு என்ற பொத்தானை அங்கே அழுத்தாதீர்கள். டேப்பை ஒரே முனையில் பிடித்தபடி ஒவ்வொரு தூணின் மையத்தையும் தொடர் அளவாக எடுத்து, அந்தத் தொலைவுகளை அப்படியே அட்டவணையில் இடுங்கள். தூணுக்குத் தூண் தனித்தனியாக அளந்தால் ஒவ்வோர் அளவின் பிழையும் அடுத்ததோடு சேர்ந்துகொள்ளும். இருக்கும் கோடுகளுக்குப் "ப" என்ற முன்னெழுத்தைச் சேர்த்து, அவற்றைப் புதிய கோடுகளிலிருந்து பிரித்துக் காட்டுங்கள்.

மற்றவர்களுக்கு அனுப்புதலும் களத்துக்குக் கொடுத்தலும்

கட்டமைப்புப் பொறியாளர் ஈடேப்ஸில் வேலை செய்வார். அதில் கிரிட்டை இடைவெளியாகவும் தொடர் தொலைவாகவும் உள்ளிடலாம். தொடர் தொலைவையே அனுப்புங்கள். மென்பொருள்களுக்கிடையே கட்டட மாதிரியைப் பரிமாறும் பொதுத் தரமான ஐஎஃப்சி கோப்பாக அனுப்பும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தத் தரத்தில் கிரிட்டுக்கு நிலையான அடையாள எண் உண்டு, அதனுள் உள்ள தனிக் கோட்டுக்கு இல்லை, கோட்டுக்கு அதன் பெயர்ச்சீட்டே அடையாளம். பெயரை மாற்றி அனுப்பினால், பெறும் மென்பொருளுக்கு அது பழைய கோடுதான் என்று உறுதியாக அறிய வழியில்லை. களத்துக்குப் போன பெயரை மாற்ற வேண்டாம் என்று முன்பு சொன்னதற்கு இது இன்னொரு காரணம். அனுப்பும் முன் அந்தக் கோப்பை வெற்றுக் கோப்பு ஒன்றில் திரும்பத் திறந்து, முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையிலான தூரத்தை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அதே நிரலிலிருந்து நூல் கட்டுவதற்கென்று ஒரு தாளை அச்சிடுங்கள். அதில் கன்னி மூலையிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்குமான தொடர் அளவு அடி அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் இருக்கட்டும். மூலைவிட்டங்களின் நீளமும் இருக்கட்டும். மேலே சொன்ன வீடு வடக்கு தெற்காக 30 அடி சென்டர் அளவு உடையது என்றால், இரண்டு மூலைவிட்டங்களும் 49 அடி 7¼ அங்குலம், அதாவது 15,118 மிமீ, வர வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் மூலைமட்டம் சரியென்று மேஸ்திரி அங்கேயே உறுதி செய்துகொள்வார். ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் விட்டு, பெல்ட் காங்கிரீட் போட்ட பிறகு களத்தில் கிடைத்த அளவைப் பென்சிலால் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் திரும்பி வந்ததும் அளவுகளை அட்டவணையின் "கட்டியபடி" என்ற கட்டத்தில் ஏற்றி, மேல்தள வரைபடத்தை அந்த எண்களிலிருந்து எழுப்புங்கள்.